அப்பாவின் ட்ரோபொனின் 3.8இலிருந்து 62 ஆகிவிட்டது, இனி என்ன செய்வது?

கடிதத்தின் சுருக்கம்

திருகோணமலையில் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பாவுக்கு 61 வயது. படகில் தொழிலுக்குப் போகிறவர், பத்து வருடமாகச் சீனி வருத்தம் உண்டு. ஏழு கிழமைக்கு முன் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்க எடுக்கும் ட்ரோபொனின் என்ற இரத்தப் பரிசோதனை முதலில் 'நெகட்டிவ்' என்று வந்தது. பிறகு எடுத்த ஈசிஜியில் மாற்றம் தெரிந்ததும் இரத்தக்கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி ஏற்றினார்கள். மறுநாள் ட்ரோபொனின் 3.8. இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கும் எக்கோவில் இதயத்தின் பம்பு சக்தி 40 வீதம். ஆறாம் நாள் டிக்கெட் வெட்டி, இதய இரத்தக்குழாய் அடைப்பைப் படம் எடுத்துப் பார்க்கும் அஞ்சியோகிராமுக்குக் கண்டியில் திகதியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் தனியார் லாபில் மகள் எடுப்பித்த ட்ரோபொனின் 62. கனடாவில் இருக்கும் அண்ணா சொன்னதால் மூன்றாம் கிழமை, இதயத்தின் கஷ்டத்தைக் காட்டும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அது 1,480. இணையத்தில் தேடிப் படித்ததில் 'அப்பா ஒரு வருடம் தாங்க மாட்டார்' என்று மகளுக்குப் பட்டிருக்கிறது. இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் மறைத்துவிட்டார்கள். ஆறாம் கிழமை எடுத்த ட்ரோபொனின் 'நெகட்டிவ்'. அந்த ஒரு தாளை மட்டும் அப்பாவுக்குக் காட்டினார்கள். அவரோ வருத்தம் போய்விட்டது என்று சில குளிசைகளை நிறுத்திவிட்டார், அஞ்சியோகிராம் வேண்டாம் என்கிறார், அடுத்த கிழமை கடலுக்குப் போக நிற்கிறார்.

மகளின் கேள்விகள் நான்கு. அப்பா எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனை எது? அம்மாவின் காப்பை அடகு வைத்தாவது கொழும்பில் 'முழு இதயப் பரிசோதனை' செய்ய வேண்டுமா? முதல் ட்ரோபொனின் நெகட்டிவ் என்றதில் வைத்தியசாலை தவறு விட்டதாக மாமா சொல்கிறார், அது சரியா? அப்பாவிடம் சொல்லலாமா?

பதில்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த 62ஐப் பார்த்துவிடுவோம். உங்கள் பயத்தில் பாதி அங்கேதான் தொடங்கியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களின் படங்களையும் போனில் பெரிதாக்கி, எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். வைத்தியசாலைத் தாளில் இருப்பது ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை நனோகிராம் என்ற கணக்கு. லாப் தாளில் இருப்பது ஒரு லீற்றரில் எத்தனை நனோகிராம் என்ற கணக்கு. முதல் தாளின் 3.8ஐ இரண்டாம் தாளின் அலகில் எழுதினால் 3,800 வரும். அந்த 3,800தான் ஒன்பதாம் நாளில் 62க்கு இறங்கியிருக்கிறது. இரண்டு இடத்து இயந்திரங்களும் வேறு என்பதால் அச்சொட்டாக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஏறவில்லை, நன்றாக இறங்கியிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

62 என்பது அந்த லாபின் எல்லைக்கு மேல்தான். அதற்கும் பயப்பட வேண்டாம். ட்ரோபொனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை பழுதாகும்போது இரத்தத்தில் கசிகிறது, சுமார் ஒரு நாளில் உச்சத்துக்குப் போகிறது. உங்கள் அப்பாவுக்குப் பார்த்த 'ட்ரோபொனின் ஐ' வகை இறங்கி முடிய ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், 'டி' வகைக்கு இரண்டு கிழமையும் ஆகலாம். ஒன்பதாம் நாளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

மாமாவின் சந்தேகத்துக்கும் இதுவே பதில். பழுதான தசையிலிருந்து கசிகிற புரதம், பழைய முறைப் பரிசோதனையில் தெரிய மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். புதிய நுண்ணிய பரிசோதனைகள் அதைவிட முந்திக் காட்டும். ஆனாலும் வலி தொடங்கி ஒரு மணித்தியாலத்தில் எடுத்த ஒரேயொரு பரிசோதனை நெகட்டிவ் என்பதை வைத்து மாரடைப்பு இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அதனால்தான் ஈசிஜியைத் திரும்ப எடுக்கிறார்கள். இரத்தக்குழாய் முழுதாக அடைபட்டதை ஈசிஜி காட்டினால் ட்ரோபொனினுக்குக் காத்திராமல் ஊசி ஏற்ற வேண்டும். நீங்கள் எழுதியபடி நடந்ததும் அதுதான். அப்படியும் மாமாவுக்கு மனம் ஆறவில்லை என்றால், முதல் ஈசிஜி எத்தனை மணிக்கு, இரண்டாவது எத்தனை மணிக்கு, ஊசி எத்தனை மணிக்கு என்று வார்ட்டில் கேட்டுப் பார்க்கட்டும். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'நெகட்டிவ் என்றார்களே' என்று சண்டைக்குப் போவதைவிட இந்த மூன்று நேரங்களும் நிறையச் சொல்லும்.

1,480 என்ன சொல்கிறது?

இதில் உங்களுக்குப் பொய் சொல்லித் தேற்ற எனக்கு மனமில்லை. இதயச் சுவர் இழுபடும்போது, அறைக்குள் அழுத்தம் கூடும்போது, என்டி-ப்ரோபிஎன்பி இரத்தத்தில் கூடுகிறது. மாரடைப்பு வந்தவர்களில் யாருக்கு இதயத் தளர்ச்சி வரும், யார் கூடிய ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டிக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளில் இது மிகவும் பலமான ஒன்று. மாரடைப்புக்கு மூன்றாம் கிழமையில் 1,480 என்பது, இதயம் கஷ்டப்பட்டுத்தான் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். 40 வீதம் என்ற எக்கோவோடும் அது பொருந்துகிறது.

இடையில் ஒன்று. 40 வீதம் என்றதும் 'நூறில் நாற்பதுதான் மிச்சம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளினிக்கில் அநேகம் பேர் அப்படி நினைத்துக் கலங்குகிறார்கள். சுகமான இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் இரத்தத்தில் 55 முதல் 70 வீதம் வரைதான் வெளியே தள்ளும். நூறு யாருக்கும் வராது.

சரி, 1,480 என்றால் ஒரு வருடமா? அப்படி நாள் குறிக்க எந்தப் பரிசோதனையாலும் முடியாது. இணையத்தில் நீங்கள் பார்த்த 'ஆபத்து கூட' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஓர் உண்மையான ஆய்வை வைத்துக் காட்டுகிறேன். 1996இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, ட்ரோபொனின் அளவுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை நிறுவிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. உங்கள் அப்பாவுக்கு வந்ததைவிடக் கொஞ்சம் வேறு வகை இதய வருத்தத்தோடு வந்த 1,404 பேரைப் பார்த்தார்கள். ட்ரோபொனின் குறைவாக இருந்தவர்களில் 42 நாளுக்குள் இறந்தவர்கள் 1 வீதம், கூடுதலாக இருந்தவர்களில் 3.7 வீதம். ஆபத்து மூன்றரை மடங்குக்கு மேல் கூட. இணையத்தில் இந்த 'மடங்கு'தான் பெரிய எழுத்தில் வரும். ஆனால் அந்த ஆபத்தான கூட்டத்திலும் நூற்றில் 96 பேர் அந்த 42 நாளைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள். உங்கள் அப்பாவும் ஏழு கிழமையைக் கடந்துவிட்டார். மாரடைப்பில் மிக ஆபத்தான காலம் முதல் நாட்களும் முதல் கிழமைகளும்தான்.

இந்த எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. யாரைக் கிட்ட வைத்துக் கவனிக்க வேண்டும், யாருக்கு மருந்தை வேகமாகக் கூட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லத்தான் அவை இருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் அப்பா எந்தப் பக்கம் நிற்கப்போகிறார் என்பதை இனிமேல் செய்யப்போகிற சிகிச்சை பெருமளவுக்கு மாற்றும். என்டி-ப்ரோபிஎன்பி இறங்கக்கூடியது. இதயத்தின் பாரத்தைக் குறைக்கும் பிசோப்ரோலோல், எனலாப்ரில் போன்ற குளிசைகளை ஒழுங்காகப் போட்டு, அளவைப் படிப்படியாகக் கூட்டும்போது அநேகருக்கு அது குறைகிறது. மருந்தோடு அது இறங்கினால் நல்ல அறிகுறி. வயது, சிறுநீரகப் பழுது, ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவையும் இதைக் கூட்டும். உடல் பருமன் குறைத்துக் காட்டும். ஆகவே எண்ணை மட்டும் அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் கூகுளில் போட்டுப் பார்ப்பதில் பலன் இல்லை.

மலிவான பரிசோதனைகளும் முன்கூட்டிச் சொல்லும்

மாரடைப்பு நோயாளியின் ஆபத்தைக் கணக்கிட உலகெங்கும் 'கிரேஸ்' என்றொரு புள்ளி முறையைப் பாவிக்கிறார்கள். அதில் பார்ப்பது எட்டு விடயங்கள்: வயது, இதயத் துடிப்பு வேகம், பிரஷர், இதயத் தளர்ச்சியின் அறிகுறி, ஈசிஜி மாற்றம், வந்தபோது இதயம் நின்றதா என்பது, ட்ரோபொனின் போன்ற இதயப் பரிசோதனை கூடியதா என்பது, அப்புறம் கிரியேற்றினின். பாருங்கள், இதய இரத்தப் பரிசோதனை எட்டில் ஒன்றுதான். சிறுநீரகத்தைப் பார்க்கும் சாதாரண கிரியேற்றினினுக்கும் அங்கே ஓரிடம் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பதவி சிறிபுர பக்கத்தில் சிறுநீரக வருத்தம் எவ்வளவு குடும்பங்களைச் சாய்த்தது என்று எல்லோருக்கும் தெரியும். கரையோரத்தில் சீனி வருத்தம் அதே வேலையைச் செய்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாரடைப்பு இல்லாமலே ட்ரோபொனின் கொஞ்சம் கூடி நிற்கலாம். எனலாப்ரில் வகைக் குளிசை தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில் கிரியேற்றினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தோடு வந்த தாள்களில் அந்த இரண்டையும் நான் காணவில்லை. (கூடவே ஒன்று: சிறுநீரகம் பலவீனமாக இருந்து இந்தக் குளிசையும் போடுகிறவர்கள், சூடு தணிக்கிறோம் என்று தினமும் இளநீர் குடிப்பது நல்லதல்ல. அதில் பொட்டாசியம் அதிகம்.)

'நெகட்டிவ்' என்ற தாளின் ஆபத்து

நீங்கள் கூடின எண்ணைப் பார்த்துப் பயந்தீர்கள். அப்பா குறைந்த எண்ணைப் பார்த்துத் துணிந்துவிட்டார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. ஆறாம் கிழமையில் ட்ரோபொனின் நெகட்டிவ் என்றால், இப்போது புதிதாகத் தசை பழுதாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். இரத்தக்குழாயில் அடைப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது. ஊசி கரைத்தது கட்டியை. கட்டி உருவாகக் காரணமான கொழுப்புப் படிவு உள்ளே அப்படியே இருக்கிறது.

எந்தக் குளிசைகளை நிறுத்தினார் என்று நீங்கள் எழுதவில்லை. அது அஸ்பிரினோ குளோபிடோகிரலோ என்றால் திரும்பக் கட்டி உறைய வழி விடுகிறார். பிசோப்ரோலோல் என்றால் அதைச் சட்டென்று நிறுத்துவதே நெஞ்சுவலியைக் கிளப்பும். அட்டோவஸ்டாட்டின் என்றால் படிவை அடக்கி வைக்கும் மருந்தையே விட்டுவிட்டார். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அப்பாவோடு போங்கள். எதை எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அங்கே சொல்வார்கள். குளிசை ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால், இருமலோ தலைச்சுற்றோ, அதையும் மறைக்காமல் சொல்லட்டும். மாற்று மருந்து இருக்கிறது.

காப்பை அடகு வைக்க வேண்டாம்

கொழும்பு 'பக்கேஜ்' பட்டியலைப் பார்த்தேன். திரும்பவும் ட்ரோபொனின், சிகே-எம்பி, டி-டைமர், சிஆர்பி, ஹோமோசிஸ்டீன். புதிதாக வலி இல்லாத ஒருவருக்கு மாதா மாதம் ட்ரோபொனின் பார்ப்பதில் எந்த முடிவும் மாறாது. வலி வந்தால் அது அவசர சிகிச்சைப் பிரிவில், சில மணித்தியால இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது. சிகே-எம்பி இரண்டு மூன்று நாளிலேயே இறங்கிவிடும், ஏழு கிழமைக்குப் பின் அதற்கு வேலையில்லை. டி-டைமர் வேறு கேள்விக்கான பரிசோதனை. சிஆர்பி ஒரு காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் கூடக் கூடும்.

அப்பாவுக்கு இப்போது தேவையானவை கிரியேற்றினின், பொட்டாசியம், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், அப்புறம் எல்டிஎல் கொலஸ்திரோல். எல்டிஎல் (ஒரு டெசிலீற்றரில் மில்லிகிராம் கணக்கில்) 70க்குக் கீழே வரவேண்டும். ஐரோப்பிய வழிகாட்டிகள் 55க்குக் கீழே என்கின்றன. இவை எல்லாம் சாதாரண பரிசோதனைகள், கிளினிக் மூலம் கேட்டுப் பாருங்கள். எக்கோவைத் திரும்பச் செய்யவும் இதுதான் நேரம். மாரடைப்பில் மரத்துப்போன தசை சில கிழமைகளில் விழித்துக்கொள்வது உண்டு, அந்த முதல் 40 ஏறியும் இருக்கலாம். சரியான சிகிச்சைக்குப் பிறகும் 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், திடீர்த் துடிப்புக் கோளாறு வந்தால் அதைச் சரிசெய்யும் கருவி பற்றி யோசிப்பார்கள். என்டி-ப்ரோபிஎன்பியை ஒருதடவை திரும்பப் பார்ப்பதாக இருந்தால், மருந்தளவைக் கூட்டி முடிந்த பிறகு, அதே லாபில், மருத்துவர் கேட்டால் பாருங்கள்.

அண்ணா அனுப்பும் காசை மறுக்கச் சொல்லவில்லை. அஞ்சியோகிராமுக்குக் கண்டிக்குப் போய்வர வாகனம், கூடப் போகிறவர் தங்க இடம், சாப்பாடு, தொழில் இல்லாத நாட்களின் வீட்டுச் செலவு என்று உண்மையான தேவைகள் வரிசையாக இருக்கின்றன. வேறு ஒரு இதய நிபுணரின் கருத்தைக் கேட்க விரும்பினால் அதுவும் உங்கள் உரிமை. அப்போது டயக்னோசிஸ் காட், ஈசிஜிகள், எக்கோ ரிப்போட் எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

கடலுக்கு எப்போது?

மறு எக்கோவும் அஞ்சியோகிராமும் முடியும்வரை போக வேண்டாம். பாரம் இழுப்பது ஒரு காரணம். கரையிலிருந்து பல மைலுக்கு அப்பால் நெஞ்சு வலித்தால் உதவி கிடைக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். அப்பாவுக்குச் சீனி வேறு. நீண்ட காலச் சீனி நரம்பைக் கெடுப்பதால், அடுத்த தடவை வலியே இல்லாமல் இளைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம். வீட்டில் சும்மா இருக்கவும் வேண்டாம். காலையும் மாலையும் கடற்கரையில் நடக்கட்டும், மெல்லக் கூட்டட்டும். சுருட்டு பீடி எது இருந்தாலும் முற்றாக விட வேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் அம்மா கைக்கு எட்டாத இடத்தில் வைக்கட்டும், உப்பு கூடினால் உடம்பில் தண்ணீர் கட்டும்.

அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்க லாப் தேவையில்லை. ஒரு நிறைத் தராசு போதும். தினமும் காலையில், மலசலம் போனபின், சாப்பிடுமுன் நிறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, இரவில் தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அப்பாவிடம் சொல்லுங்கள்

நோய் அவருடையது. முடிவெடுக்கிறவரும் அவர்தான். பாதியை மறைத்துவிட்டு ஒரு நல்ல தாளை மட்டும் காட்டியதால்தான் அவர் குளிசையை விட்டார் என்று நினைக்கிறேன். அன்பில்தான் செய்தீர்கள், எனக்குப் புரிகிறது. இனி அம்மாவையும் பக்கத்தில் இருத்தி, எல்லாத் தாள்களையும் அவர் முன்னால் வையுங்கள். 1,480 என்ற எண்ணிலேயே நிற்க வேண்டாம். வலை எவ்வளவு கிழிந்தது என்று ட்ரோபொனின் சொன்னது, மிச்ச வலை எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று எக்கோவும் இந்த எண்ணும் சொல்கின்றன, பொத்தி முடியும்வரை கடலில் போடக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள். தொழிலாளிக்கு விளங்கும். 'நான் செத்துப்போவேனா?' என்று கேட்டால், ஆபத்து இருக்கிறது, அதைக் குறைக்க வழியும் இருக்கிறது, அந்த வழியில் பெரும்பகுதி உங்கள் கையில் என்று நேராகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அஞ்சியோகிராம் வேண்டாம் என்றால், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அநேகர் அதை நெஞ்சைத் திறந்து செய்யும் ஒப்பரேஷன் என்று நினைக்கிறார்கள். மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள குழாய் வழியாக, பெரும்பாலும் விழித்திருக்கும்போதே செய்வது என்று தெரிந்தால் மனம் மாறக்கூடும்.

கடைசியாக இரண்டு காரியம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றிய ஒருவருக்குத் திரும்ப அதே ஊசியைப் போடக்கூடாது, உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கியிருக்கும். ஆகவே ஊசியின் பெயரையும் போட்ட திகதியையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள், அப்பாவின் பர்ஸிலும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். திரும்ப நெஞ்சுவலியோ, திடீர் இளைப்போ, மயக்கமோ வந்து ஐந்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் ஓட்டோ தேட வேண்டாம், லாபுக்கும் போக வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை அப்பாவை நடக்கவிடாமல் இருத்தி வையுங்கள், அந்தத் துண்டை அவர்களிடம் காட்டுங்கள்.